73 வெற்றியும் வீணா?

கேள்வி: அமெரிக்காவின் 2015-16 என்பிஏ கூடைப்பந்து சீசனில் 82 ஆட்டங்களில் 73-ஐ ஜெயித்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், கடைசியில் ஃபைனலில் கோப்பையைக் கோட்டைவிட்டது. அப்படியானால் ஆறு மாதம் நடக்கும் லீக் ஆட்டங்கள் வீண்தானே? நேராக பிளே-ஆஃப் (லீகில் முன்னணியில் வந்த அணிகள் கோப்பைக்காக மோதும் சுற்று) நடத்திவிட்டுப் போகலாமே?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வீணே இல்லை. கோப்பையை மட்டும் கணக்கில் எடுப்பதால்தான் உங்களுக்கு அப்படித் தெரிகிறது.

அந்த ஆறு மாதத்தில் நடந்ததைப் பாருங்கள். கோச் ஸ்டீவ் கெர் முதுகு அறுவை சிகிச்சையால் முதல் 43 ஆட்டங்களுக்கு வர முடியவில்லை. உதவி கோச் லூக் வால்டன் பொறுப்பேற்று அதில் 39-ஐ ஜெயித்துக் கொடுத்தார். முதல் 24 ஆட்டங்களில் தோல்வியே கிடையாது. லீக் முடியும்வரை அந்த அணி அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் தோற்கவில்லை, ஒரே அணியிடம் இரண்டு தடவை தோற்கவும் இல்லை. ராத்திரி ஓர் ஊரில் ஆடிவிட்டு மறுநாளே இன்னோர் ஊரில் இறங்க வேண்டிய லீகில் இது லேசான காரியமா? மைக்கேல் ஜோர்டானின் சிகாகோ புல்ஸ் 1995-96-ல் வைத்த 72 வெற்றி என்ற சாதனையை இருபது வருடம் யாராலும் தொட முடியவில்லை. அதே புல்ஸ் அணியில் ஆடியவர்தான் இந்த கெர்.

அப்புறம் வாரியர்ஸ் வீரர் ஸ்டீஃபன் கரி. ஒரு சீசனில் அதிக மூன்று புள்ளி எறிதல்கள் (தூரத்திலிருந்து கூடையில் போடுவது) என்ற சாதனை ஏற்கெனவே அவருடையதுதான்: 286. அதை 402-க்குக் கொண்டுபோனார்! 2016 பிப்ரவரி 27, ஓக்லஹோமா சிட்டி. கணுக்காலில் அடிபட்டு உள்ளே போனவர் திரும்பி வந்து ஆடுகிறார். கூடுதல் நேரம், ஸ்கோர் சமம், முடிய சில நொடிகள். நடுக்கோட்டைத் தாண்டிச் சில அடிகள் வந்ததுமே எறிந்தார். உள்ளே விழுந்தது. அந்த ஆட்டத்தில் அவருடைய பன்னிரண்டாவது மூன்று புள்ளி அது. அந்தத் தூரத்திலும் ஆளை மறித்தாக வேண்டும் என்ற நிலையை எதிரணிகளுக்கு உண்டாக்கியது இந்த சீசன். இன்று பள்ளிப் பையன்கள்கூட அங்கிருந்து எறிகிறார்கள் என்றால் காரணம் அதுதான்.

நான்கு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை என்ற ஃபைனலில், கிளீவ்லேண்ட் அணியை எதிர்த்து 3-1 என முன்னிலையில் இருந்தவர்கள் தோற்றார்கள், உண்மை. ஐந்தாவது ஆட்டத்தில் வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீனுக்குத் தடை. அதே ஆட்டத்தில் அந்த அணியின் ஆண்ட்ரூ போகட்டுக்கு முழங்காலில் அடி. இதையெல்லாம் சொல்லி கிளீவ்லேண்டின் வெற்றியைக் குறைக்க மாட்டேன். இரண்டு அணியிலும் சேர்த்து, புள்ளி, ரீபவுண்ட் (தவறிய எறிதலின் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூடையில் போட உதவும் பாஸ்), ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (எறிதலைத் தட்டிவிடுவது) ஐந்திலும் கிளீவ்லேண்டின் லெப்ரான் ஜேம்ஸ்தான் முதலிடம். ஏழாவது ஆட்டத்தில் 89-89 என்று ஸ்கோர் நின்றுபோன நேரத்தில், எங்கிருந்தோ ஓடிவந்து வாரியர்ஸ் வீரர் இகுவாடலாவின் பந்தைத் தட்டிவிட்டாரே, அதை எப்போது பார்த்தாலும் மெய்சிலிர்க்கிறது. 52 வருடம் எந்த விளையாட்டிலும் பெரிய பட்டம் பார்க்காத ஊர் கிளீவ்லேண்ட். அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். அதற்காக வாரியர்ஸின் 73 அழிந்துபோகுமா என்ன?

82 என்பது அதிகம், வீரர்களின் உடம்பு தாங்காது, குறையுங்கள் என்று கேட்டிருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். நட்சத்திர வீரர்களுக்கு அடிக்கடி ஓய்வு கொடுப்பது பெருகி, பெரிய விருதுகளுக்கு 65 ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும் என்று 2023-24-லிருந்து விதியே போட வேண்டியதாயிற்று. நீங்கள் கேட்டது அதுவல்ல. லீகே வேண்டாம் என்கிறீர்கள்.

2016 ஏப்ரல் 13, லீகின் கடைசி நாள். ஓக்லாந்தில் கரி 46 புள்ளி எடுக்க, 73-வது வெற்றி வந்தது. அதே இரவு லாஸ் ஏஞ்சல்ஸில் கோபி பிரயன்ட் தன் கடைசி ஆட்டத்தில் 60 புள்ளி எடுத்தார். அவருடைய லேக்கர்ஸ் அந்த சீசனில் ஜெயித்தது வெறும் 17. பிளே-ஆஃப் பக்கமே வரவில்லை. நேராக பிளே-ஆஃப் நடத்தியிருந்தால் இந்த இரண்டு ஆட்டமுமே நடந்திருக்காது.