இன்சூரன்ஸ் முகவர்களுக்கான செயலியைத் துறைப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தால் பலன் உண்டா?

பிரீமியம் கணக்குப் போடும் செயலி ஒன்றை முகவர்களுக்காக உருவாக்கியிருக்கிறீர்கள். இன்சூரன்ஸ் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கலாமா, இல்லை ஆன்லைனில் அவர்களே தேடி வருவார்களா என்பது உங்கள் கேள்வி. நான் வேலூரில் எல்.ஐ.சி. முகவர். இந்த மாதிரிச் செயலிகளுக்கு வருடா வருடம் சந்தா கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

துறைப் பத்திரிகைகளைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் கம்பெனி அதிகாரிகள், புரோக்கர்கள், சர்வேயர்கள், இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் தேர்வு எழுதுகிறவர்கள். வாகன சேத மதிப்பீட்டுக்கோ புரோக்கர் அலுவலகத்துக்கோ செயலி செய்திருந்தால் அங்கே தாராளமாகச் செலவு செய்யுங்கள் என்பேன். அணைக்கட்டு, ஒடுகத்தூர் என்று பைக்கில் சுற்றும் முகவர் கண்ணில் அந்த விளம்பரம் படாது. அவருக்குச் செய்தி வருவது, முகவர்களைச் சேர்த்து வழிநடத்தும் வளர்ச்சி அதிகாரி போடும் கூட்டத்திலும் கிளையின் வாட்ஸ்அப் குழுவிலும்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் போனில் மெச்சூரிட்டி தொகை (பாலிசி முடியும்போது கிடைக்கும் பணம்) சட்டென்று வந்தால், “என்ன ஆப் சார் அது, லிங்க் அனுப்புங்க” என்று அங்கேயே கேட்டுவிடுவார். ஆகவே விளம்பரப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, நன்றாக வேலை செய்கிற சில முகவர்களுக்கு ஒரு வருடச் சந்தாவை இலவசமாகக் கொடுங்கள்.

அடுத்து, தேடல். பிளே ஸ்டோரில் உங்கள் பிராண்டுப் பெயரை யாரும் தேடப் போவதில்லை. எங்களுக்குள் திட்டங்களை எண் சொல்லித்தான் பேசுவோம், தேடுவதும் அப்படியே. 2024 அக்டோபரில் பாலிசியைப் பாதியில் முடித்தால் கிடைக்கும் சரண்டர் தொகைக்கான புது விதிகளை ஒட்டி, 915 ஆக இருந்த நியூ ஜீவன் ஆனந்த் 715 ஆனது, 936 ஆக இருந்த ஜீவன் லாப் 736 ஆனது. செயலியின் விவரத்தில் பழைய எண், புது எண் இரண்டும் இருக்கட்டும். பழைய பாலிசி வைத்திருப்பவருக்குக் கணக்குப் பார்க்கும்போது பழைய எண்தானே தேவை? தலைப்புக்கு 30 எழுத்து, சுருக்க விவரத்துக்கு 80 எழுத்துதான் இடம். அதில் ‘நம்பர் ஒன்’, ‘சிறந்த’ என்றெல்லாம் எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். பிரீமியம், மெச்சூரிட்டி, லோன், ரிவைவல் (காலாவதியான பாலிசியைப் புதுப்பிப்பது) என்று முகவர் தட்டும் சொற்களைப் போடுங்கள். தமிழிலும் தனியாக ஒரு விவரப் பக்கம் சேர்க்கலாம். எந்த நிறுவனத்தின் சின்னத்தையும் ஐகானில் வைக்க வேண்டாம். அந்த நிறுவனமே வெளியிட்டது போலத் தோன்றும் செயலியை கூகுள் அனுமதிப்பதில்லை.

தேடி வந்தவர் நீடிப்பது கணக்குச் சரியாக இருந்தால்தான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதற்குப் பிறகும் டேர்ம் பிளானுக்கு (இறப்புக்கு மட்டும் பணம் தரும் பாலிசி) ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்துக் காட்டும் செயலியை நம்பி ஒருவரிடம் எப்படித் தொகை சொல்வது? ஆம்பூர் ஷூ கம்பெனி வாசலில் ஷிப்ட் முடிந்து வருகிறவர் நின்று பேசுவதே சில நிமிடம். அவர் வீட்டுக் கணக்கை மாதா மாதம் ரூபாய் ரூபாயாகப் போடுகிறவர். அவரிடம் ஒருமுறை தப்பான தொகை சொல்லிவிட்டால் அந்தக் குடும்பத்தின் நம்பிக்கையே போய்விடும். ஜவ்வாது மலைப் பக்கம் போனால் பல இடங்களில் சிக்னல் இருக்காது என்பதால், நெட் இல்லாமலும் கணக்கு வர வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முகவரின் போட்டோ, போன் நம்பரோடு திட்ட போஸ்டர் தயாரிக்கும் வசதி வைத்திருப்பீர்கள், எல்லாரும் வைக்கிறார்கள். அதை வாடிக்கையாளருக்கு அனுப்பினால் அது இன்சூரன்ஸ் விளம்பரம். முகவர் வெளியிடும் விளம்பரத்துக்கு நிறுவனத்தின் எழுத்துபூர்வ முன் அனுமதி வேண்டும் என்பது இன்சூரன்ஸ் துறையை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆணையத்தின் விதி. போனஸை உயர்த்திக் காட்டும் போஸ்டர் உங்கள் செயலியிலிருந்து போனால், பதில் சொல்ல வேண்டியவர் முகவர். தயவுசெய்து அந்த எச்சரிக்கையைச் செயலிக்குள்ளேயே, தமிழில், போஸ்டர் திரையிலேயே போடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பத்திரிகையில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் டிசம்பர் அல்லது ஜனவரி இதழில் கொடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரைதான் எங்களுக்கு ஓட்டம் அதிகம், புதுக் கருவிக்குக் காசு செலவழிப்பதும் அப்போதுதான். விளம்பரத்துக்கென்று தனி கியூஆர் கோடு வையுங்கள். அதன் வழியாக எத்தனை பேர் இறக்கினார்கள் என்று தெரிந்தால் அடுத்த இதழுக்குப் பணம் கட்டலாமா என்று முடிவு செய்யலாம். கூடவே ஒரு போன் நம்பரும் இருக்கட்டும், எடுத்தால் தமிழில் பேசும் ஆள் இருக்க வேண்டும்.