ஃபிளேவர் டீ, சாதா இலைத் தேயிலை: வீட்டிலேயே குடித்துப் பார்த்து ஒப்பிடுவது எப்படி?

கேள்வியில் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். ரோஜா, ஸ்ட்ராபெர்ரி, சாக்லேட் என்று வாசனை சேர்த்து அழகான டப்பாவில் விற்கிற இலைத் தேயிலைக்கும், எதுவுமே சேர்க்காத இலைத் தேயிலைக்கும் சுவையில் நிஜமாகவே வித்தியாசம் உண்டா? உண்டென்றால் அதை நாமே எப்படிக் கண்டுபிடிப்பது?

வித்தியாசம் உண்டு. ஆனால் வாசனை சேர்த்த எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட முடியாது. சிலது அருமையாக இருக்கும். சிலது டப்பாவைத் திறக்கும்போது மட்டும் மணக்கும், வாய்க்குள் போனதும் ஒன்றுமிருக்காது. எது எந்த ரகம் என்பது மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாலே பாதி தெரிந்துவிடும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஸ்ட்ராபெர்ரி டீயைப் பால், சர்க்கரை இல்லாமல் போட்டு, மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். ஸ்ட்ராபெர்ரி காணாமல் போய்விடும். நாக்குக்குத் தெரிவது புளிப்பு, கசப்பு, இனிப்பு, அப்புறம் ஈறைப் பிடிக்கிற துவர்ப்பு, அவ்வளவுதான். பழம், பூ, ஏலக்காய் எல்லாம் மூக்கின் வேலை. மூக்கை மூடிய பிறகு வாயில் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் அந்த டப்பாவில் அடியில் இருக்கும் தேயிலை. துவர்ப்பு சுறுசுறுப்பாக நாக்கில் ஏறி, விழுங்கியதும் சுத்தமாக இறங்கினால் நல்ல இலை. வெறும் கசப்பு மட்டும் தொண்டையில் ஒட்டினால், மட்டமான இலையை மறைக்கத்தான் ஸ்ட்ராபெர்ரியைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வாசனை எப்படி ஏறுகிறது என்று தெரிந்தால் இது புரியும். இப்போது சந்தையில் உள்ள பெரும்பாலான ஃபிளேவர் டீக்களில், ஏற்கெனவே செய்து முடித்துக் காய்ந்த தேயிலையைப் பெரிய டிரம்மில் போட்டுச் சுற்றவிட்டு, வாசனைத் திரவத்தைத் தெளிக்கிறார்கள். கூடவே சாமந்தி இதழ், ரோஜா இதழ், காய்ந்த பழத் துண்டு கொஞ்சம். கண்ணாடி ஜாடியில் பார்க்க அவை அழகு. சுவைக்கு அவற்றால் பெரிதாக எதுவும் வராது, சாமந்தி இதழ் அறவே எதுவும் தராது. இந்தியாவில் இப்படி வாசனை சேர்த்ததை ஃபிளேவர்டு டீ என்று பாக்கெட்டில் எழுதியாக வேண்டும் என்பது சட்டம். வாங்கும் முன் பாக்கெட்டைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படியுங்கள். முன்பக்கம் பூந்தோட்டமாக இருக்கும், விஷயம் பின்பக்கம்தான்.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது சீனத்து மல்லிகைத் தேநீர். ஃபூஜியான் மாகாணத்தின் ஃபூஜோ நகரம் இதற்குப் பேர்போனது. அங்கே இலையை வசந்த காலத்தில் பறித்துக் கிரீன் டீயாகச் செய்து எடுத்து வைத்துவிடுவார்கள். மல்லிகை பூப்பது கோடையில். பகலில் மொட்டாகப் பறித்து வந்து, இரவில் அது விரியத் தொடங்கும்போது தேயிலையோடு கலந்து குவித்துவிடுவார்கள். இரவெல்லாம் பூ விடுகிற வாசனையை இலை இழுத்துக்கொள்ளும். குவியல் சூடேறும், நடுவில் கிளறிவிட வேண்டும். காலையில் வாடின பூவைச் சலித்து எடுத்துவிட்டு, ஈரம் ஏறிய இலையை மறுபடி காயவைப்பார்கள். நல்ல ரகத்துக்கு இதையே புதுப் பூவோடு பல இரவுகள் திரும்பத் திரும்பச் செய்வார்கள். ஃபூஜோவின் இந்த மல்லிகைத் தேநீர் மரபை ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2014-இல் உலக வேளாண் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நமக்கு இதில் ஒரு சுவாரசியம் உண்டு. அந்தப் பூ ஜாஸ்மினம் சம்பாக். நம் மதுரை மல்லி எந்த இனமோ அதே இனம். அதனால்தானோ என்னவோ, நம் ஆட்களுக்கு முதல்முறை மல்லிகைத் தேநீர் கொடுத்தால் முகம் ஒரு மாதிரி போகிறது. கல்யாண வீட்டு வாசனையைக் குடிக்கச் சொல்கிறாயே என்பார்கள். என் அத்தை ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதைத் தலையில வைக்கணுமா, வயித்துல ஊத்தணுமா?" என்று கேட்டார். ஆனால் அதே அத்தைதான் இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கினார். (வீட்டில் செய்து பார்க்க ஆசை வந்தால், பூக்கடை மல்லி வேண்டாம். சூடுவதற்காக வளர்க்கிற பூவில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். மாடித் தொட்டியில் நீங்களே வளர்த்த பூவென்றால் சரி.)

இப்போது இரண்டு மல்லிகைத் தேநீரை ஒப்பிடுங்கள்: பூவோடு படுத்து எழுந்தது ஒன்று, திரவம் தெளித்தது ஒன்று. டப்பாவைத் திறந்து முகரும்போது தெளித்ததுதான் ஜெயிக்கும், தூக்கியடிக்கும். அதே இலையில் இரண்டாவது முறை வெந்நீர் ஊற்றிப் பாருங்கள். தெளித்தது அநேகமாக முதல் கோப்பையிலேயே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்திருக்கும். பூவோடு கிடந்தது இரண்டாவதிலும் பேசும், மூன்றாவதிலும் முணுமுணுக்கும். மூக்கைப் பிடிப்பதற்கு அடுத்து நான் நம்புவது இந்த இரண்டாம் தண்ணீரைத்தான்.

எந்த வாசனை தேயிலையோடு ஒட்டும், எது ஒட்டாது என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. தேயிலைக்கே இயற்கையாக வாசனைப் பொருள்கள் உண்டு. அவற்றில் முக்கியமான இரண்டு லினலூல், ஜெரானியால். பெர்கமாட் என்கிற, இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் ஒருவகை எலுமிச்சை இனப் பழத்தோலின் எண்ணெயிலும் லினலூல் நிறைய. ரோஜாவில் ஜெரானியால். மல்லிகையிலும் லினலூல் உண்டு. ஆகவே பெர்கமாட் எண்ணெய் சேர்த்த ஏர்ல் கிரே, ரோஜா டீ, மல்லிகை டீ இவற்றிலெல்லாம் சேர்த்த வாசனை எங்கே முடிகிறது, தேயிலையின் வாசனை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாமல் கலந்து நிற்கும். சாக்லேட், கேரமல், பபிள்கம் வகையறா அப்படியில்லை. மேலே அது தனி, கீழே டீ தனி. சாக்லேட் டீயைப் பற்றி எனக்கு இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சாக்லேட் வேண்டுமென்றால் சாக்லேட் சாப்பிடலாம்.

ஏர்ல் கிரே மட்டும் அடித் தேயிலையைப் பொறுத்து ரொம்ப மாறும். ஒரு நல்ல நீலகிரி இலையிலோ இலங்கையின் உயர்மலை இலையிலோ செய்தது தெளிவாக, லேசாக இருக்கும். மட்டமான இலையில் செய்ததை ஒரு வாய் குடித்தால் சோப்புத் தண்ணீர் நினைவுக்கு வரும். ஏர்ல் கிரே பிடிக்காது என்பவர்களில் பலரும் குடித்தது இரண்டாவதாகத்தான் இருக்கும். ஒரே கடையில், எதுவும் சேர்க்காத நீலகிரி இலையும் அதே இலையில் செய்த ஏர்ல் கிரேவும் கிடைத்தால் இரண்டையும் ஐம்பது ஐம்பது கிராம் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடியுங்கள். இதைவிட நல்ல ஒப்பீடு கிடையாது. டார்ஜிலிங்கையும் ஸ்ட்ராபெர்ரி டீயையும் எதிரெதிரே வைத்தால் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்றே தெரியாமல் போய்விடும்.

எதுவும் சேர்க்காத தேயிலைக்கு வருகிறேன். இங்கேதான் ஆச்சரியம் அதிகம். இலங்கையின் ஊவாப் பகுதியில் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வறண்ட காற்று வீசும். அந்தப் பருவத்து இலையில் மெத்தில் சாலிசிலேட் கூடுதலாகச் சேர்கிறது. மூட்டுவலிக்குத் தேய்க்கிற தைலங்களில் மூக்கில் ஏறுமே, அந்தப் பொருளேதான். பருவத்து ஊவா தேநீரை முதலில் குடிக்கிறவர்கள் இதில் ஏதோ எசன்ஸ் போட்டிருக்கிறார்கள் என்று சத்தியம் செய்வார்கள். யாரும் எதையும் போடவில்லை. காற்று போட்டது. டார்ஜிலிங்கில் மே, ஜூனில் பறிக்கும் இரண்டாம் பருவ இலையில் பழுத்த திராட்சை வாசனை வரும், அதற்கு மஸ்கடெல் என்று பெயர். அங்கே தத்துப்பூச்சி இலையைக் கடித்துச் சாறு உறிஞ்ச, செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சில வாசனைப் பொருள்களைச் சுரக்கிறது. அதிலிருந்து வருகிறது இந்தத் திராட்சை. பூச்சி கடித்த இலைக்குத்தான் அதிக விலை.

நம் நீலகிரியில் டிசம்பரிலிருந்து பனிக்காலத்தில் பறிக்கிற இலையைக் குடித்துப் பாருங்கள். குளிரில் செடி மெதுவாக வளர்வதால் மணம் செறிந்திருக்கும், பூ வாசனை லேசாக வரும், கசப்பு குறைவு. நீலகிரி இலைக்கு இன்னொரு குணமும் உண்டு: ஆறினாலும் சாயம் கலங்காமல் தெளிவாக நிற்கும். அதனால்தான் ஐஸ் டீக்கு அதைத் தேடி வாங்குகிறார்கள். அஸ்ஸாம் இலை அப்படியில்லை, நல்ல கெட்டிச் சாயம் ஆறும்போது கலங்கிப்போகும். அது கெட்டுப்போனதில்லை, சத்தான சாயம் என்று அடையாளம்.

நம் வீடுகளில் பாலில் கொதிக்கவிடுகிற டஸ்ட் டீ இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வராது. அது இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுகிற சிடிசி இயந்திரத்தில் செய்தது. 1930-களில் அஸ்ஸாமில் வந்த முறை. சீக்கிரம் சாயம் இறங்கும், பாலுக்கு ஈடுகொடுக்கும், நுணுக்கமான வாசனையை எதிர்பார்க்கக் கூடாது. இலைத் தேயிலை என்று கேட்கும்போது ஆர்த்தடாக்ஸ் என்று கேளுங்கள். இலையை வாடவிட்டு, உருட்டி, புளிக்கவைத்து, காயவைக்கிற பழைய முறை அது.

சரி, குடித்துப் பார்க்கும் முறை. தேயிலை டேஸ்டர்களுக்கு ஒரு சர்வதேச அளவு இருக்கிறது: 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். அவ்வளவு நேரம் ஊறினால் இலையின் குறையெல்லாம் வெளியே வந்துவிடும், அவர்களுக்கு வேண்டியது அதுதான். நாம் ரசித்துக் குடிக்க 3, 4 நிமிடம் போதும், கிரீன் டீக்கு 2 நிமிடம். ஸ்பூனால் அளக்காதீர்கள். பெரிய இலை ஒரு ஸ்பூனில் ஒரு கிராம்கூட வராது, பொடி இலை இரண்டு மூன்று கிராம் வரும். சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வெள்ளைக் கோப்பை, ஒரே தண்ணீர். கறுப்புத் தேநீருக்கு நன்றாகக் கொதித்த தண்ணீர், கிரீன் டீக்கும் மல்லிகைக்கும் 75, 80 டிகிரிக்கு ஆறவிட்டது. (ஊட்டியில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அவர்கள் அரை நிமிடம் கூடுதலாக ஊறவிடட்டும்.)

தண்ணீர் பெரிய விஷயம். சென்னை போர்வெல் தண்ணீரில் எந்த உசத்தி இலையைப் போட்டாலும் மேலே ஒரு படலம் கட்டும், வாசனை அமுங்கும். சுண்ணாம்புச் சத்துதான் காரணம். கேன் தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ போடுங்கள்.

முதலில் ஈர இலையை முகருங்கள், பிறகு சாயத்தை ஸ்பூனில் எடுத்துச் சத்தம் வர உறிஞ்சுங்கள். வீட்டில் திட்டுவார்கள், பரவாயில்லை. காற்றோடு உறிஞ்சினால்தான் வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். வரிசை முக்கியம்: எதுவும் சேர்க்காதது முதலில், பூ வாசனை அடுத்து, பெர்கமாட் அதற்கு அடுத்து, மசாலாவும் புகை வாசனையும் கடைசியில். சீனத்தின் வூயி மலைப் பகுதியில் பைன் விறகுப் புகையில் காயவைக்கிற லாப்சாங் சூச்சோங் கையில் கிடைத்தால் அதை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். அதற்குப் பிறகு நாக்குக்கு வேறெதுவும் தெரியாது. எல்லாக் கோப்பையையும் ஆறவிட்டு இன்னொரு சுற்று குடியுங்கள். சூட்டில் மறைந்திருந்த எசன்ஸ் நெடி ஆறியதும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். நல்ல இலைக்கு ஆறினாலும் இனிப்பு நிற்கும்.

எதை வாங்குவது என்று கேட்டால், என் பணத்தில் நான் வாங்குவது இதுதான்: எதுவும் சேர்க்காத நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தினசரிக்கு, நல்ல மல்லிகைத் தேநீர் கொஞ்சம், ஏர்ல் கிரே கொஞ்சம். ஏலக்காய், இஞ்சி, துளசி, எலுமிச்சை சேர்த்த பாக்கெட்டை வாங்குவதே இல்லை. ஏலக்காயை அப்போதே தட்டிப் போட்டால் வருகிற மணம் எந்தப் பாக்கெட்டிலும் வராது. பழக் கலவைகளில் செம்பருத்தி இனமான ரோசெல் இருக்கிறதா என்றும் பாருங்கள். புளிப்பு அதிகம், பால் ஊற்றினால் திரிந்துவிடும். நீங்கள் எப்போதும் பாலும் சர்க்கரையும் சேர்த்துத்தான் குடிப்பவர் என்றால் இந்த விலையுயர்ந்த டப்பாக்கள் எதுவும் தேவையில்லை. பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், மெல்லிய வாசனையும் அடங்கிப்போகும். நல்ல டஸ்ட் டீயே போதும்.

வாங்கி வந்ததும் ஒவ்வொன்றையும் தனித்தனி இறுக்கமான டப்பாவில் போடுங்கள். தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். ஏர்ல் கிரேவுக்குப் பக்கத்தில் வைத்த நீலகிரி ஒரு மாதத்தில் பாதி ஏர்ல் கிரே ஆகிவிடும். பெருங்காய டப்பா இருக்கிற அலமாரியில் மட்டும் எதையும் வைக்காதீர்கள்.