லே வெயில், கர்துங் லா பனி

லடாக்கின் லே நகரில் 12 டிகிரி, வெயில் என்று வானிலைச் செயலி காட்டுவதை நம்பி ஏப்ரல் மூன்றாம் வாரம் கர்துங் லா கணவாய்க்கு வாடகை பைக்கில் போகலாமா என்றால், வேண்டாம். கார் எடுங்கள், சக்கரச் சங்கிலி வைத்திருக்கும் ஓட்டுநராகப் பாருங்கள்.

அந்த 12 டிகிரி 3,500 மீட்டர் உயரத்துக்கானது. கணவாய் 5,300 மீட்டருக்கும் மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். லேயில் சட்டையோடு தேநீர் குடிக்கும் அதே வேளையில் மேலே பூஜ்ஜியம். காலையில் உருகி வழிந்த நீர் மாலையில் கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும்.

செயலி தடுமாறுவதற்குப் பெரும்பாலும் மேற்கத்திய இடையூறுகள் (Western Disturbance) எனப்படும், மழையும் பனியும் கொண்டுவரும் காற்றழுத்த அமைப்புகள்தான் காரணம். லடாக் குளிர் பாலைவனம் என்றாலும் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் இவை ஏப்ரலிலும் பனியைக் கொட்டும்.

கிளம்புவதற்கு முந்தைய மாலை இரண்டைப் பாருங்கள்: வானிலைத் துறை அறிக்கையில் ‘மேற்கத்திய இடையூறு’ என்ற சொல் இருக்கிறதா, அன்று கணவாய்க்கு அப்பால் உள்ள நூப்ரா பள்ளத்தாக்கிலிருந்து திரும்பிய ஓட்டுநர் என்ன சொல்கிறார். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை அதிகம். விடியலில் கிளம்பி நண்பகலுக்குள் கணவாயைத் தாண்டிவிடுங்கள். மேகம் பெரும்பாலும் பிற்பகலில்தான் திரளும்.

வானம் தெளிவாக இருந்தாலும் விமானத்தில் இறங்கிய மறுநாளே ஏறாதீர்கள். லேயில் இரண்டு நாளாவது தங்கி உடலைப் பழக்குங்கள். மோசமான வானிலையால் திரும்பும் விமானமும் ரத்தாகலாம், ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.