ஆறு உருண்டைகளோடு நின்றுபோன பயணம்

கேள்வி: குழித்துறையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நாள்தோறும் ரயிலில் வேலைக்குச் சென்று வருகிறேன். போக ஏறக்குறைய ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அந்த நேரத்துக்காகவே ‘நின்டெண்டோ ஸ்விட்ச்’ என்ற கையடக்க வீடியோ கேம் கருவியை வாங்கி, ‘டிராகன் குவெஸ்ட் 11’ என்ற ஜப்பானியக் கதை விளையாட்டை ஆடத் தொடங்கினேன். 40 மணி நேரம் ஆடி, கதையில் தேடிச் சேர்க்க வேண்டிய ஆறு மந்திர உருண்டைகளையும் சேர்த்து முடித்த சமயத்தில் வீட்டில் தங்கையின் கல்யாண வேலை வந்துவிட்டது. நான்கு மாதம் தொடவே இல்லை. இப்போது திறந்தால் யார் எதற்காக எங்கே போகிறார்கள் என்பதே மறந்துவிட்டது. முதலிலிருந்து ஆடுவதா, விட்டுவிடுவதா?
– வாசகி, குழித்துறை

பதில்: இரண்டும் வேண்டாம். முதலிலிருந்து தொடங்குபவர்களில் பெரும்பாலோர், ஏற்கெனவே பார்த்த ஊர்களையே மீண்டும் பார்த்துச் சலித்து, முன்பு நின்ற இடத்துக்கு வந்து சேரும் முன்பே கைவிட்டுவிடுகிறார்கள். அந்தப் பிழையை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். மேலும், ஆறு உருண்டைகளும் கையில் இருக்கும்போது நிறுத்தியிருக்கிறீர்கள் என்றால், கதை தலைகீழாகப் புரளும் இடத்துக்கு நாலடி முன்னால் நிற்கிறீர்கள் என்று பொருள். அதற்குமேல் ஒரு சொல்லும் நான் சொல்லப்போவதில்லை.

கொடைவிழாவில் வில்லுப்பாட்டு நடக்கும்போது, நடுவில் எழுந்து சாயா குடித்துவிட்டு வந்து அமர்பவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விட்டுப்போன பகுதியைப் பற்றி அவர் கவலைப்படுவதில்லை. புலவர் பாடியதை உரைநடையில் ஒருமுறை சொல்லி, பின்பாட்டுக்காரர் அதற்கு ஆமாம் போட்டு நகர்வதற்குள் அவருக்குக் கதை பிடிபட்டுவிடுகிறது. இந்த விளையாட்டிலும் அந்த வசதி உண்டு. சேவ் செய்த இடத்தைத் திறந்தவுடன் ‘இதுவரை நடந்த கதை’ என்று ஒரு சுருக்கம் ஓடும். பொறுமையின்றி பொத்தானை அழுத்தி அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பிறகு துணைவர்களோடு பேசும் வசதியைப் பயன்படுத்தினால், அடுத்து எங்கே செல்ல வேண்டும் என்பதை அவர்களே தம் பேச்சில் சொல்லிவிடுவார்கள். எந்தப் பொத்தான் எதற்கு என்று விரல்கள் மறந்திருக்கும் என்பதால், முதல் நாள் கதையைத் தொடராமல், தொடக்க ஊர்களுக்கு அருகில் சுற்றும் ஸ்லைம் என்ற எளிய குட்டி அரக்கர்களோடு அரை மணி நேரம் மோதுங்கள். இது முறைவைத்துத் தாக்கும் சண்டை. நீங்கள் யோசித்து முடிக்கும்வரை எதிரி காத்திருப்பான். ரயிலில் ஆடுவதற்கு இதைவிடப் பொருத்தமான வகை இல்லை. இரணியல் பக்கமிருந்து வரும் தோழி பக்கத்தில் வந்து அமர்ந்து ஊர்க்கதை பேசத் தொடங்கினாலும் உங்களுக்கு ஒரு நட்டமும் வராது.

கதையை மட்டும் முடிக்கவே 50 மணி நேரத்துக்கு மேல் ஆகும் விளையாட்டு இது. அதை எண்ணி மலைப்பவர்கள் இதன் முன்னோரை நினைத்துப் பார்க்கலாம். 1986இல் ஜப்பானில் வந்த முதல் ‘டிராகன் குவெஸ்ட்’ இருந்த கார்ட்ரிட்ஜில், அதாவது கருவியில் செருகும் விளையாட்டுப் பேழையில், சேவ் செய்யவே வழியில்லை. ஆட்டத்தை நிறுத்தும்போது திரையில் தோன்றும் 20 எழுத்துகளைத் தாளில் எழுதிவைத்து, மறுநாள் அவற்றைப் பிழையின்றி உள்ளிட வேண்டும். ஓர் எழுத்தைத் தவறாக எழுதியிருந்தால் விட்ட இடத்துக்குத் திரும்ப முடியாது. அந்த முதல் கதையை எழுதிய யூஜி ஹோரிதான் உங்கள் கையிலிருக்கும் பதினோராம் கதைக்கும் பொறுப்பு. இரண்டிலும் பாத்திரங்களை வரைந்தவர் 2024 மார்ச்சில் மறைந்த அகிரா டோரியாமா. இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் ஸ்விட்ச் அப்படியே உறங்கிவிடும். பாறசாலையில் நிறுத்திய சண்டையை மாலையில் திரும்பும்போது அதே அடியிலிருந்து தொடரலாம். ஆனால் உறக்கத்தை மட்டும் நம்பக் கூடாது. பேட்டரி முழுதாக இறங்கிவிட்டால் அந்த நிலை போய்விடும் என்பதால், கோயிலையோ வழியோர முகாமையோ கண்டால் சேவ் செய்துகொள்ளுங்கள்.

ஒரே ஒரு பழக்கத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். ஸ்விட்சை வைக்கும் பெட்டிக்குள் ஒரு சிறு நோட்டு வைத்து, இறங்குவதற்கு முன் இரண்டு வரி எழுதுங்கள்: எந்த ஊர், யாரைத் தேடி, எந்தப் பூட்டிய கதவுக்குத் திரும்ப வர வேண்டும். அடுத்த கல்யாணம் வந்தாலும் கவலையில்லை.

கேள்வி: இதே விளையாட்டை நானும் ஆடுகிறேன். ஆங்கிலம் சுமாராகத் தெரியும். ஆனால் சில ஊர்களில் பேசுவது ஆங்கிலம் போலவே இல்லை. எழுத்துகளைத் தாண்டிவிட்டுச் சண்டையை மட்டும் ஆடலாமா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: தாண்டிவிட்டால், நெய்ச்சோற்றில் சோற்றை ஒதுக்கிவிட்டு முந்திரியைப் பொறுக்கித் தின்றது போலாகும். தமிழில் இந்த விளையாட்டு வரவில்லை என்பது குறைதான். ஆனால் உங்களைக் குழப்புவது உங்கள் ஆங்கிலம் என்று எண்ணிவிட வேண்டாம். மொழிபெயர்த்தவர்கள் வேண்டுமென்றே செய்த குறும்பு அது. கால்வாய் நகரமான கொண்டோலியாவில் அனைவரும் இத்தாலியர் ஆங்கிலம் பேசுவது போல இழுத்துப் பேசுகிறார்கள். ஹாட்டோ என்ற வெந்நீர் ஊற்று ஊரில் பேச்சு முழுவதும் ஹைக்கூ என்ற ஜப்பானியக் குறுங்கவிதை. அங்கே ஒருவரிடம் வழி கேட்டால்கூட ஐந்து, ஏழு, ஐந்து என்று அசை எண்ணிப் பதில் வரும். விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். விளவங்கோட்டுப் பேச்சு எது, நாஞ்சில்நாட்டுப் பேச்சு எது என்று ஒரே சொல்லில் பிரித்தறியும் காது நம் குமரி மாவட்டத்துக்காரருக்கு உண்டு. அந்தக் காதோடு வாய்க்குள்ளேயே படித்துப் பார்த்தால், எழுத்தில் சிதைந்து தெரியும் சொல் ஒலியில் பிடிபட்டுவிடும். சண்டைதான் நீளுகிறது என்று தோன்றினால் அமைப்புகளில் போரின் வேகத்தைக் கூட்டி, துணைவர்களைத் தம் விருப்பப்படி தாக்கவிட்டுவிடலாம். மிச்சமாகும் நேரத்தை அந்த ஊர்க்காரர்களிடம் பேசுவதில் செலவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு கடலோரம். உப்புக்காற்றில் ஸ்விட்ச் கெட்டுவிடுமா?
– வாசகர், குளச்சல்

பதில்: திறந்த திண்ணையில் இரவு முழுவதும் கிடந்தால் எந்த மின்சாதனத்துக்கும் உப்பு ஈரம் நல்லதில்லை. ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து உறையில் வையுங்கள். சார்ஜ் செய்யும் துளையில் ஈரம் இருப்பதாகத் தோன்றினால் நன்றாக உலரும்வரை வயரைச் செருக வேண்டாம். 35 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் பயன்படுத்தக் கூடாது என்பது தயாரிப்பாளரின் அறிவுரை என்பதால், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்வதையும் தவிருங்கள். பல மாதம் ஆடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது எடுத்துச் சார்ஜ் ஏற்றிவையுங்கள். இது குழித்துறை வாசகிக்கும் சேர்த்து.