வெல்டிங் அடித்த டிஃப் உள்ள பழைய கொரோலாவை வாங்கலாமா?

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கிளிநொச்சியில் ஒரு கொரோலா கேஇ70 விலைக்கு வந்திருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் டிரிஃப்ட் ஓடுவதற்காக, அதாவது வளைவில் பின்பக்கத்தை வழுக்கவிட்டு ஓட்டுவதற்காக, பின் அச்சிலுள்ள டிஃபை (டிஃபரன்ஷியலை) வெல்டிங் அடித்துவிட்டாராம். இதே மாதிரியான மற்றக் கார்களைவிட விலை குறைவு. சேற்றில் புதையாது, அது நல்லதுதான் என்று விற்பவர் சொல்கிறார். எனக்கு வேலைக்குப் போகவும் மனைவி, பிள்ளையோடு ஓடவும்தான் கார் வேண்டும். எடுக்கலாமா?"

தம்பி, எடுக்கலாம். ஆனால் டிஃபை மாற்றுகிற செலவையும் காரின் விலையோடு சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு எடுங்கள். மாற்றி முடியும் வரை அதில் பிள்ளையை ஏற்ற வேண்டாம். இந்த இரண்டுக்கும் சம்மதம் என்றால் மிச்சத்தைப் பேசலாம்.

பின் அச்சின் நடுவில் இருக்கும் உருண்டைதான் டிஃப். எஞ்சினின் சுழற்சியைப் பின் சில்லுகளுக்குக் கொடுக்கும் கிரவுன் என்ற பெரிய பற்சில்லையும் பினியன் என்ற அதன் சோடியையும் தவிர, அதற்குள் வேறு சின்னப் பற்சில்லுகள் சில இருக்கின்றன. கார் திரும்பும்போது ஒரு சில்லு கூடவும் மற்றது குறையவும் சுற்ற விடுவது அவைதான். அவற்றை ஒன்றோடொன்று உருக்கி ஒட்டிவிட்டால் இரண்டு பின் சில்லுகளும் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். இனி ஒரு கணக்குப் பாருங்கள். பின் சில்லுகளுக்கு இடையே ஏறத்தாழ 1.3 மீற்றர் தூரம். ஒரு சந்தியில் செங்கோணமாகத் திரும்பினால் வெளிச்சில்லு உட்சில்லைவிட 2 மீற்றர் அளவு கூடுதலாக ஓடியாக வேண்டும். வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் அந்த 2 மீற்றர் மாறாது. ஏ9 வீதியில் வருகிற நீண்ட வளைவில் அது பரவிப் போய்விடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒழுங்கைக்குள் திரும்பும்போது நாலைந்து மீற்றருக்குள் அத்தனையும் நடக்க வேண்டும். ஒட்டின டிஃப் அதற்கு இடம் கொடுக்காததால் ரயர்தான் வீதியில் உரசி இழுபட்டு அந்த வித்தியாசத்தைத் தீர்க்கிறது. திரும்பும்போது வரும் கீச்சுச் சத்தமும் உதறலும் அதனால்தான். ரயர் உரசுகிற அதே நேரம் அச்சுத் தண்டு முறுக்கப்படுகிறது, பெயரிங்கிலும் பாரம் ஏறுகிறது.

சேற்றைப் பற்றி விற்பவர் சொன்னதில் பாதி உண்மை. வயலில் உழவு இயந்திரம் ஓட்டியவருக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு சில்லு சேற்றில் சுழன்றால் இரண்டு பின் சில்லையும் சேர்த்துப் பூட்டும் டிஃப் லொக்கை மிதித்து நேராக வெளியே வருவார்கள். வந்ததும் காலை எடுத்துவிடுவார்கள். லொக் போட்டபடி திரும்புவதில்லை. உங்கள் கொரோலாவில் அந்த லொக்கை எடுக்கவே முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். நேரான மணலில் உதவும். மாரியில் ஒருபக்கம் சரிந்த கிரவல் பாதையிலோ குளக்கட்டு வீதியிலோ நிலைமை தலைகீழ். சாதாரண டிஃபில் ஒரு சில்லு சுழன்றாலும் மற்றது சும்மா உருண்டபடி காரின் பின்பக்கத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒட்டின டிஃபில் இரண்டும் சேர்ந்தே பிடி விடும், பின்பக்கம் சரிவை நோக்கி வழுக்கும். குளக்கட்டில் சரிவு எங்கே முடிகிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தார் வீதியும் முதல் மழைக்கு அப்படித்தான். வளைவில் அக்சிலேற்றரை அழுத்தினாலும் சட்டென்று விட்டாலும் வால் முன்னறிவிப்பில்லாமல் வெளியே போகும். டிரிஃப்ட் ஓடுபவருக்கு அதுதான் வேண்டும். குடும்பத்தோடு போகிறவருக்கு அது ஆபத்து.

இனிப் பார்க்கப் போகும் நாள். பகல் வெளிச்சத்தில், கார் சூடாகாத நிலையில் பாருங்கள். முன் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, பின் அச்சை ஜக்கால் தூக்கி ஸ்டாண்டில் இருத்துங்கள். கல்லை அடுக்கி வைப்பது வேண்டாம், காருக்குக் கீழே தலை போகும் வேலை இது. கியரை நியூட்ரலில் வைத்து, ஹாண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு ஒரு சில்லைக் கையால் சுற்றுங்கள். சாதாரண டிஃப் என்றால் மற்றது பெரும்பாலும் எதிர்ப்பக்கம் சுற்றும். ஒட்டினது என்றால் இரண்டும் ஒரே பக்கம் சுற்றும், கியர்பொக்ஸில் இருந்து டிஃபுக்கு வரும் நீளத் தண்டான புரொப் ஷாஃப்ரும் கூடவே சுற்றும். பிறகு முதல் கியரில் போட்டு ஒரு சில்லை அசைத்துப் பாருங்கள். பற்களுக்கு இடையிலுள்ள சிறிய தளர்வைத் தவிர வேறு அசைவு இருக்கக் கூடாது. ஒட்டியிருப்பது தெரிந்த பிறகு இந்தச் சோதனை எதற்கு என்று நினைப்பீர்கள். ஒட்டு முழுதாக இருக்கிறதா, வெடித்துவிட்டதா என்று அறியத்தான். ஒரு சில்லு மட்டும் கூடுதலாக அசைந்து, எல்லையில் டக்கென்று முட்டினால் ஒட்டு விட்டுக்கொண்டிருக்கிறது என்று எடுங்கள்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பற்சில்லுகள் மேற்பரப்பு கடினமாக்கப்பட்ட உருக்கு. முறையாகச் சூடாக்காமல் ஒட்டினால் ஒட்டுக்குப் பக்கத்து இரும்பு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், நாளடைவில் வெடிக்கும். உடைந்த துண்டு கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே போனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின் சில்லுகள் இறுகிவிடலாம். அதனால் எண்ணெய் வடிக்கும் பிளக்கைக் கழற்றி, வருவதை ஒரு வெள்ளைத் துணியில் பிடித்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை வழமையானது. கைக்குத் தட்டுப்படும் துண்டுகள் வந்தால் அந்த டிஃபோடு வீடு வரை கூட ஓட்டாதீர்கள், லொறியில் ஏற்றுங்கள்.

பலர் டிஃபையே பார்த்துக்கொண்டிருந்து மற்றதை விட்டுவிடுகிறார்கள். உண்மையில் டிஃபை மாற்றுவது எளிது. டிரிஃப்ட் ஓடிய காரின் உடம்புதான் மாற்ற முடியாதது. அச்சைப் பிடித்திருக்கும் கைகள் காரின் உடம்பில் பொருந்தும் இடங்களில் வெடிப்போ புதுப் பெயின்றோ இருக்கிறதா, முன் சில்லைத் திருப்புகிற ஸ்ரியரிங் நக்கிள் வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறதா, ஸ்பிரிங் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நக்கிளை வெட்டி ஒட்டியிருந்தால் அதை மாற்றாமல் வாங்க வேண்டாம். அது கழன்றால் ஸ்ரியரிங் இல்லை. ரெட்லைனில், அதாவது உச்ச வேகச் சுழற்சியில், அடிக்கடி ஓடிய எஞ்சினில் கீழே இருந்து வரும் தட்டுச் சத்தத்தையும் குளிர்ந்த ஸ்டார்ட்டில் கேளுங்கள்.

மாற்றும் வேலைக்கு வருவோம். இந்தப் பழைய டொயோட்டாக்களில் டிஃப் பற்சில்லுகள் எல்லாம் சேர்ந்த ஒரே தொகுதியாக, சென்டர் என்ற பெயரில், அச்சின் முன்பக்கத்தால் கழன்று வரும். முதலில் இரண்டு அச்சுத் தண்டுகளையும் வெளியே இழுக்க வேண்டும். எனவே தண்டின் நுனிப் பற்கள் முறுகியிருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். பற்கள் நேர்கோட்டில் இல்லாமல் சாய்ந்து நின்றால் அந்தத் தண்டு முடிந்தது. பெயரிங், எண்ணெய் சீல் இரண்டையும் கையோடு மாற்றுங்கள். பழைய சீல் கசிந்தால் எண்ணெய் பிரேக் ட்ரம்முக்குள் போகும். ஒட்டினதை வெட்டிச் சின்னப் பற்சில்லுகளை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம். கிரவுனைக் கழற்றினால் பினியனோடு அதன் இடைவெளியை அளவுக்கருவி வைத்துத் திரும்பச் சரிசெய்ய வேண்டும், அது தவறினால் சில மாதத்தில் ஊளையிடும். பாவித்த உதிரிப்பாகக் கடையில் முழுச் சென்டராக எடுங்கள்.

எடுக்கும்போது விகிதத்தைப் பாருங்கள். ஒரே உருவத்தில் வேறு வேறு விகிதச் சென்டர்கள் வரும். கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் 4.1. உங்கள் காரில் இப்போது இருப்பதை அறிவது சுலபம். ஒட்டின டிஃபில் சில்லு சரியாக ஒரு சுற்றுச் சுற்றும்போது புரொப் ஷாஃப்ர் எத்தனை சுற்றுகிறது என்று சோக்கால் கோடு போட்டு எண்ணுங்கள். வேறு விகிதம் போட்டால் இழுவையும் மாறும், ஸ்பீடோமீற்றரும் பிழை காட்டும்.

விலையைப் பற்றி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களுக்கும் விலை ஏறியது. அதோடு 1983இல் அடுத்த தலைமுறை கொரோலா செடான் முன்சில்லு இழுவைக்குப் போய்விட்டதால் பின்சில்லு இழுவையுள்ள கேஇ70ஐ டிரிஃப்ட் பொடியன்கள் தேடித் திரிகிறார்கள். விற்பவர் அதைச் சொல்லி விலையை நிறுத்துவார். நீங்கள் சென்டர், அச்சுத் தண்டு இரண்டு, பெயரிங், சீல், பின் ரயர் இரண்டு, கராஜ் கூலி என்று ஒரு தாளில் எழுதி, கடையில் கேட்ட விலையைப் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள். அத்தனையும் கழிந்த விலைக்கு அவர் வராவிட்டால், ஒட்டாத ஒரு காரைக் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குவது உங்களுக்கு மலிவு. ஜக் போட்டுப் பார்க்கவே விடமாட்டேன் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

காப்புறுதி எடுக்கும்போது கார் மாற்றம் செய்யப்பட்டது என்பதை மறைக்காதீர்கள். மாற்றின பிறகு கராஜ் பற்றுச்சீட்டைப் பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். புதுச் சென்டருக்கு ஜிஎல்-5 தரத்து 80டபிள்யூ-90 கியர் எண்ணெய் விட்டு, முதல் 500 கிலோமீற்றரில் அதை வடித்து ஒருமுறை பாருங்கள். துண்டுகள் இல்லாவிட்டால் அப்புறம் முல்லைத்தீவு என்ன, வவுனியா என்ன, குடும்பத்தோடு ஓடலாம்.