சினைப்பைப் புற்றுநோயில் பிளேட்லெட்டின் பருமன்: கேள்வி பதில்

கேள்வி: எம்.பி.வி. என்றால் என்ன? சினைப்பைப் புற்றுநோயோடு அதற்கு என்ன தொடர்பு?

பதில்: ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டுகளின் சராசரி பருமன் (mean platelet volume). அலகு ஃபெம்டோலிட்டர், பெரும்பாலான கருவிகளில் 7 முதல் 12 வரை இயல்பு. கட்டி சுரக்கும் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் புரதம் கல்லீரலைத் தூண்ட, அங்கே பிளேட்லெட் உற்பத்தியைத் தூண்டும் த்ராம்போபொயட்டின் கூடுகிறது. எலும்பு மஜ்ஜை பிளேட்லெட்டுகளை ஏராளமாக உருவாக்குகிறது. 2012இல் வெளியான ஆய்வு ஒன்றில் 619 நோயாளிகளில் 31 சதவீதம் பேருக்கு பிளேட்லெட் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 4.5 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அவர்கள் உயிர்வாழ்ந்த காலமும் குறைவு. ஆனால் அது எண்ணிக்கையைப் பற்றிய ஆய்வு. பருமனுக்கு அவ்வளவு உறுதியான சான்று இல்லை.

கேள்வி: அம்மாவுக்கு மூன்றாம் ஸ்டேஜ். எம்.பி.வி. 12.1 என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: அந்த எண்ணை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். ஸ்டேஜ், திசுவின் வகை, அறுவையில் கண்ணுக்குத் தெரியும் கட்டி மிச்சமில்லாமல் எடுத்தார்களா, பிளாட்டினம் மருந்துக்குக் கட்டி கரைகிறதா, பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் மாற்றம் உண்டா: மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இவை.

கேள்வி: முதுநிலை ஆய்வேட்டுக்கு இதையே எடுத்திருக்கிறேன். ரத்த மாதிரியை எப்படிக் கையாள வேண்டும்?

பதில்: ஆய்வு நிற்பதும் விழுவதும் இங்கேதான். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்க உள்ள இடிடிஏ, தட்டையாக இருக்கும் பிளேட்லெட்டை உருண்டையாக்கி வீங்க வைக்கும். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வீக்கம் வேகமாக ஏறும். மின்தடை முறைக் கருவியில் எம்.பி.வி. கூடும், ஒளிமுறைக் கருவியில் சில வேளை குறையும். ஆகவே எல்லா மாதிரிகளையும் 1 மணி நேரத்துக்குள் கருவியில் ஓட்டுங்கள், அல்லது எல்லாவற்றையும் சரியாக 2 மணி நேரம் கழித்து ஓட்டுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள். எடுத்த நேரம், ஓட்டிய நேரம் இரண்டையும் எழுதுங்கள்.

குழாயைக் கோடு வரை நிரப்புங்கள். குறைவாக நிரப்பினால் இடிடிஏ செறிவு கூடிவிடும். 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரிலும் வடிவம் மாறும். கடைசி வரை ஒரே கருவி. எண்ணிக்கை எதிர்பாராமல் குறைந்தால் ஸ்மியரில் (கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்தில்) பிளேட்லெட்டுகள் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவில் மிகச் சிறிய சிவப்பணுக்களைக் கருவி பிளேட்லெட்டாக எண்ணிவிடும். இந்த நோயாளிகளில் ரத்தசோகை அதிகம்.

கேள்வி: எனக்கு 10.9. இது ஆபத்தா?

பதில்: மேலே அம்மாவைப் பற்றிய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பெரிய பிளேட்லெட் இளமையானது, வேகமாகச் செயல்படுவது. அப்படியானால் எம்.பி.வி. கூடினால் நோய் மோசம் என்பதுதானே நேர்க்கணக்கு?

பதில்: முதல் பாதி சரி, முடிவு சரியில்லை. எண்ணிக்கை கூடும்போது சராசரி பருமன் பொதுவாகக் குறையும். அழற்சி கடுமையானால் பெரிய பிளேட்லெட்டுகள் முதலில் செலவாகிவிடும் என்றும் கருதப்படுகிறது. மோசமான நோயில் எம்.பி.வி. ஏறவும் காரணம் உண்டு, இறங்கவும் காரணம் உண்டு. எண்ணிக்கையைச் சேர்க்காமல் பருமனை மட்டும் காக்ஸ் ரிக்ரெஷனில் (உயிர்வாழும் காலத்தை ஆராயும் புள்ளியியல் முறை) போட்டால் எதை அளந்தோம் என்றே தெரியாது.

கேள்வி (அதே நபர்): ஆனால் கட்-ஆஃப் (உயர்வு, குறைவு என்று பிரிக்கும் எல்லை எண்) வைத்துப் புள்ளியியல் முக்கியத்துவம் காட்டிய கட்டுரைகள் இருக்கின்றனவே?

பதில்: இருக்கின்றன; திசைகள்தான் ஒன்றுக்கொன்று முரண். பெரும்பாலும் பழைய கோப்புகளிலிருந்து திரட்டியவை. எல்லை எண்ணைத் தேர்ந்தெடுக்க உதவும் ஆர்.ஓ.சி. வளைவில் எந்தத் தரவில் கட்-ஆஃப் தேடினார்களோ, அதே தரவில் அதைச் சோதித்தால் நல்ல பி மதிப்பு கிடைப்பதில் வியப்பில்லை. எம்.பி.வி.யைத் தொடர் எண்ணாகவே வையுங்கள், வேறு மருத்துவமனைத் தரவில் சோதியுங்கள். ஒரு கருவியின் 10.5 இன்னொரு கருவியின் 10.5 அல்ல, உலகம் முழுவதும் ஏற்ற பொது அளவுகோல் இதற்கு இல்லை.

கேள்வி: இரண்டாவது கார்போபிளாட்டினுக்குப் (பிளாட்டினம் வகைக் கீமோ மருந்து) பிறகு எம்.பி.வி. ஏறியிருக்கிறது. நோய் திரும்புகிறதா?

பதில்: மருந்தால் குறைந்த பிளேட்லெட்டுகளை மஜ்ஜை மீட்கும்போது புதிதாக வருபவை பெரியவை. நோயின் போக்கை இதில் படிக்க முடியாது. சிஏ-125 (கட்டியைக் காட்டும் ரத்தக் குறியீடு) மற்றும் ஸ்கேன் பாருங்கள்.

கேள்வி: எம்.பி.வி. குறைய என்ன சாப்பிடலாம்?

பதில்: குறைக்க வேண்டிய பொருள் அல்ல அது.

கேள்வி: ரத்தம் உறையும் ஆபத்தை எம்.பி.வி. சொல்லுமா? ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது.

பதில்: இதற்கு எம்.பி.வி. பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். இன்றே மருத்துவமனைக்குப் போய்க் காலுக்கு டாப்ளர் எடுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு. கீமோ தொடங்கும் முன் உறைவு ஆபத்தைக் கணக்கிடும் கோரானா (Khorana) மதிப்பெண்ணில்கூட பிளேட்லெட் எண்ணிக்கைதான் இருக்கிறது, 3.5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 1 புள்ளி. பருமனுக்கு அதில் இடமில்லை.

கேள்வி: ஐந்து வருடப் பழைய தரவு கையில் இருக்கிறது. ரத்தம் எடுத்த நேரம் பதிவில் இல்லை. எம்.பி.வி.யைச் சேர்க்கலாமா?

பதில்: ஓட்டிய நேரம் கருவியில் இருக்கும். எடுத்த நேரம் செவிலியர் குறிப்பிலோ பார்கோடு பதிவிலோ கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்த மாதிரிகளை மட்டும் வையுங்கள். எதற்குமே கிடைக்கவில்லையென்றால் எம்.பி.வி.யை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் ஆராயுங்கள்.