மறு: மகனின் பயாப்ஸியில் 'இ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 உடைவு', இது பரம்பரையா?

வணக்கம் அக்கா. நானும் டர்பனில் ஓர் ஆய்வகத்தில்தான் வேலை செய்கிறேன். மகனின் தொடை எலும்புக் கட்டிக்குக் குடும்ப ரத்தம் காரணமா என்று கேட்டீர்கள். இல்லை அக்கா, உங்களை நொந்துகொள்ளாதீர்கள். இ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 என்ற இந்த மரபணுவின் புரதம் ஆர்.என்.ஏ.வை (மரபணுவிலிருந்து செல் எடுக்கும் நகல்) பற்றிக்கொண்டு வேலை செய்வது, எல்லோருக்கும் உண்டு. உடைவு கட்டியின் செல்களில் மட்டும் பின்னால் நேர்ந்தது.

ஆனால் இந்த உடைவைக் கண்டுபிடிக்கும் ஃபிஷ் சோதனை (மரபணுவில் ஒளிரும் சாயம் ஒட்டிப் பார்ப்பது) உடைந்ததை மட்டுமே காட்டும். உடைந்த துண்டு வேறு எந்த மரபணுவோடு ஒட்டியது என்று சொல்லாது. யூயிங் சார்கோமா என்ற எலும்புப் புற்றுநோயில் சுமார் 85% பேருக்கு எஃப்.எல்.ஐ.1 என்ற மரபணுவுடன் ஒட்டியிருக்கும். வேறு சில சார்கோமாக்களிலும் (எலும்பு, தசை போன்ற திசுக்களின் புற்றுநோய்கள்) இதே மரபணு உடையும். அதனால் ஆர்.என்.ஏ. சோதனையில் ஜோடி மரபணுவைப் பார்த்தார்களா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். பெரும்பாலும் இந்தச் சோதனைக்குப் பழைய பயாப்ஸித் திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் துண்டே போதும். அப்புறம், பயாப்ஸியில் எடுத்த எலும்பை மென்மையாக்கக் கடும் அமிலம் போட்டிருந்தால் ஆர்.என்.ஏ. கெட்டிருக்கும், அதையும் விசாரியுங்கள்.